குட்டித் தோட்டம்: மாடல் டிராக்டர் வைத்துப் பண்ணைக் காட்சி செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருந்துறைப் பக்கம் எங்கள் வீட்டு முன்னறையில், 3 அடிக்கு 2 அடிப் பலகை மேல் ஒரு தோட்டம் இருக்கிறது. வருகிறவர்கள் முதலில் குனிந்து பார்ப்பார்கள், அப்புறம் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். சொந்தக்காரர்கள், பள்ளிக் கண்காட்சிக்குச் செய்யும் பிள்ளைகள், பண்ணையத்தை விட்டுவிட்டு டவுனுக்குப் போனவர்கள் என்று பல வருடமாக ஏறக்குறைய அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே எழுதிக் கீழே பதில் போட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள், முன்னால் சொன்ன அளவுகளை வைத்துத்தான் பின்னால் பேசியிருக்கிறேன்.

ஏனுங்க, இது கொலு வைக்கிற மாதிரிதானுங்களா?

கொலுப்படிக்குக் கீழே மண் கொட்டி, கடுகு முளைக்க வைத்து, கிராமம் என்று வைப்பார்களே, அதுவும் இதற்குச் சொந்தம்தான். ஆனால் கொலுவில் ஆள் அரை அடியும் பக்கத்து யானை நாலு விரல் உயரமுமாக இருந்தால் யாருக்கும் உறுத்தாது. இங்கே டிராக்டர், மாடு, தென்னை, வாசற்படி, தண்ணீர்க் குடம் எல்லாம் ஒரே கணக்கில் சுருங்க வேண்டும். அப்புறம், இடமும் ஒன்றுதான், நேரமும் ஒன்றுதான். மாசி மாதக் காலையில் மஞ்சள் வெட்டும் காடு என்று முடிவு செய்தால் அந்தக் காலை மட்டும்தான் பலகையில் இருக்கும். இப்படிச் செய்வதை டயோரமா என்கிறார்கள்.

1:32ன்னு போட்டிருக்குதே, அப்படின்னா என்ன? எந்த அளவுல ஆரம்பிக்கறது?

நிஜத்தில் 32 செ.மீ. இருப்பது இங்கே 1 செ.மீ. அவ்வளவுதான். பண்ணை மாடல்களில் பரவலாகக் கிடைப்பது மூன்று அளவு. 1:16 பெரியது, ஜெர்மனியின் புரூடர் பொம்மைகள் இந்த அளவுதான், அமெரிக்காவின் எர்ட்ல் நிறுவனமும் இதில் நிறையச் செய்திருக்கிறது. 1:32 என்பது இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ், ஜெர்மனியின் சிக்கு, யுனிவர்சல் ஹாபீஸ் எல்லாம் புழங்கும் அளவு. 1:64 உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

நான் 1:32 எடுங்கள் என்றுதான் சொல்வேன். ஐந்தரை அடி ஆள் இதில் ஐந்தேகால் செ.மீ. வருவார், அவர் தலையில் கட்டிய துண்டைக் கூடக் காட்டலாம். 1:16ல் இடம் பற்றாது. 1:64ல் கலப்பையின் கொழுவைக் கையில் பிடித்து ஒட்டவே முடியாது. கண் நன்றாகத் தெரிகிற சின்ன வயதுக்காரர்கள் வேண்டுமானால் முயலட்டும்.

பொம்மைக் கடையில வாங்கின வண்டியில அளவே போடலீங்க. எப்படிக் கண்டுபிடிக்கறது?

பின் சக்கரத்தை அளந்து பாருங்கள். நம் பக்கம் ஓடும் 40 குதிரைத்திறன் வண்டிகளில் பெரும்பாலும் 13.6-28 டயர்தான் மாட்டியிருக்கும். அதாவது அகலம் 13.6 அங்குலம், ரிம் 28 அங்குலம். டயரோடு மொத்த உயரம் ஏறக்குறைய 130 செ.மீ. வரும். ஆகவே பொம்மைச் சக்கரம் 4 செ.மீ. உயரம் இருந்தால் அது 1:32 பக்கம், ஐந்தரை இருந்தால் 1:24, எட்டு இருந்தால் 1:16.

சில பொம்மைகளில் சக்கரத்தை மட்டும் கொழுக்க வைத்துவிடுவார்கள், அதனால் வண்டியின் நீளத்தையும் பார்த்துவிட வேண்டும். நிஜ வண்டி மூன்றேகால் மீட்டரிலிருந்து மூன்றரை மீட்டர் வரை இருக்கும், 1:32ல் அது பத்து பதினோரு செ.மீ. சக்கரமும் நீளமும் ஒரே கணக்கைச் சொன்னால் தைரியமாக வாங்குங்கள். கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்கேல் இருக்கட்டும்.

செலவு எவ்வளவு ஆகுமுங்க?

உள்ளூர் பிளாஸ்டிக் டிராக்டர் சில நூறு ரூபாயில் முடியும், வெளிநாட்டு உலோக மாடல் ஆயிரக்கணக்கில் போகும். மீதியெல்லாம் ஃபெவிகால், வால் புட்டி, அக்ரிலிக் சாயம், தெர்மாகோல், கட்டுக்கம்பி. மண், நார், குச்சி எல்லாம் காட்டிலேயே கிடக்கிறது. என் முதல் பலகைக்கு வண்டியோடு சேர்த்து ஆயிரம் ரூபாய் கூட ஆகவில்லை, ஆனால் நாலு மாதம் பிடித்தது.

எங்க ரெண்டு ஏக்கரை அப்படியே பண்ணிப் போடலாமுங்களா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. சதுரமாக வைத்தால் ஒரு பக்கம் 209 அடி, அதை 32ஆல் வகுத்தால் ஆறரை அடி. ஆக ஒரு ஏக்கருக்கே ஆறரைக்கு ஆறரை அடி மேசை வேண்டும், நடுவில் வேலை செய்யக் கை எட்டாது. என் 3 அடிக்கு 2 அடிப் பலகை நிஜத்தில் 96 அடிக்கு 64 அடி. சென்ட்டில் சொன்னால் 14 சென்ட்.

அதனால் தோட்டம் முழுவதையும் சுருக்கப் பார்க்காமல் ஒரு மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்று மேடு, களம், மாடு கட்டும் கட்டுத்தரை, சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) முன்னால் இருக்கும் வாசல், இட்டேரி என்கிற வேலிகளுக்கு நடுவில் ஓடும் வண்டித்தடம் வந்து தோட்டத்தில் சேரும் இடம், இதில் ஏதாவது ஒன்று போதும். இன்னொன்று, பாரும் (செடி நடும் மண் மேட்டு வரிசை) பாத்தியும் பலகை விளிம்புக்கு நேராக ஓடக்கூடாது, கொஞ்சம் சாய்வாக ஓடி விளிம்பில் வெட்டுப்பட வேண்டும். அப்போதுதான் காடு பலகையைத் தாண்டியும் போகிறது என்று கண் நம்பும்.

சரி, முதல்ல எதைச் செய்யறது? வண்டியை வாங்கிட்டேன், அப்படியே வெச்சிருக்கறேன்.

மாதத்தை முடிவு செய்யுங்கள். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஒரே பலகையில் நாற்று நடவு, மஞ்சள் அறுவடை, நெல் போர், பொங்கல் கரும்பு எல்லாம் வைத்துக் கொண்டுவருவார்கள். நம் பக்கம் மஞ்சள் வைகாசி, ஆனியில் ஊன்றி, ஒன்பது மாதம் கழித்துத் தை, மாசியில் வெட்டுவது. கீழ்பவானி வாய்க்காலில் நெல்லுக்குத் தண்ணீர் விடுவது ஆகஸ்ட் நடுவில், அதாவது ஆடி முடிந்து ஆவணி பிறக்கும்போது. ஆவணியில் கேஜ் வீல் (சேற்றுக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டுச் சேற்றுழவு ஓட்டும் வண்டிக்குப் பக்கத்தில் மஞ்சள் குவித்து வைத்திருந்தால், பார்க்கிற விவசாயி எதுவும் சொல்ல மாட்டார், ஆனால் இரண்டாவது முறை குனிந்து பார்க்கவும் மாட்டார்.

அப்புறம் ஊரை முடிவு செய்யுங்கள். கொங்கு நாடு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. பொள்ளாச்சி தென்னந்தோப்பும் காங்கேயத்துக் கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடும் பல்லடத்துக் கரிசலும் காலிங்கராயன் வாய்க்கால் கரையும் நிறத்திலேயே வேறு வேறு. முதல் தடவை செய்கிறவர்களுக்குக் கொறங்காடுதான் லேசு. செம்மண், காய்ந்த கொழுக்கட்டைப் புல், குடை மாதிரி ரெண்டு வெள்வேல மரம், சுற்றிக் கிளுவை வேலி, மேய்கிற மாடு ரெண்டு. பயிரே செய்ய வேண்டியதில்லை. இட்டேரியில் டிராக்டர் டிரெயிலரோடு நிற்கட்டும்.

தெர்மாகோல் மேல ஸ்ப்ரே பெயிண்ட் அடிச்சேன், குழி குழியாப் போயிருச்சு. ஏன்?

ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். தின்னர், அசிட்டோன், ரப்பர் பசை எல்லாவற்றுக்கும் அதே கதைதான். தெர்மாகோலை ஃபெவிகாலில் ஒட்டி, மேலே வால் புட்டியை வெண்ணெய்ப் பதத்தில் குழைத்து ரெண்டு கை பூசிவிடுங்கள், காய்ந்த பிறகு எந்தச் சாயமும் அடிக்கலாம். அடியில் 12 மி.மீ. பிளைவுட் இருக்கட்டும், மெல்லிய பலகை புட்டி ஈரத்தில் வளைந்துவிடும்.

தரையைச் சமமாக விடாதீர்கள். நம் காடு எதுவும் சமம் இல்லை. பொழி (காட்டு வரப்பு) உயர்ந்திருக்கும், வாய்க்கால் மேடு இன்னும் உயர்ந்திருக்கும், இட்டேரி பள்ளமாக இருக்கும். ஒரு அடி மேடு 1:32ல் 1 செ.மீ., தெர்மாகோலில் அதைச் செதுக்கிவிடலாம்.

நெஜ மண்ணையே போட்டுறலாமுங்களா?

போடலாம், போடத்தான் வேண்டும். கடையில் விற்கும் எந்தப் பழுப்புப் பொடியும் நம் செம்மண் நிறத்துக்கு வராது. ஆனால் அள்ளிக்கொண்டு வந்து அப்படியே கொட்டக்கூடாது. 1 மி.மீ. மணல் பரல் இந்த அளவில் 3 செ.மீ. ஜல்லிக்கல் ஆகிவிடும், காடு முழுக்கக் கல் கொட்டின மாதிரி தெரியும். முதலில் பழைய இரும்புச் சட்டியில் கால் மணி நேரம் வறுத்துவிடுங்கள், உள்ளே இருக்கும் முட்டையும் விதையும் பூஞ்சையும் போகும். ஆறிய பிறகு டீ வடிகட்டியில் ஒரு முறை, பழைய வேட்டித் துணியில் ஒரு முறை சலியுங்கள். வடிகட்டியில் நிற்பது வரப்போரத்துக்கு, துணியில் நிற்பது உழுத காட்டுக்கு, துணிக்குக் கீழே விழும் மாவு வண்டித் தடத்துக்கும் வண்டி மேல் படியும் தூசிக்கும்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, பாத்திரம் கழுவும் சோப்பு நீர் ஒரு சொட்டு. சோப்பு இல்லாவிட்டால் பசை மண் மேல் முத்து முத்தாக உருண்டு நிற்கும், உள்ளே இறங்காது. மண்ணைத் தூவி, மேலே வெறும் தண்ணீர் தெளித்து, பிறகு சிரிஞ்சில் பசையைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். காய்ந்தால் நிறம் ஒரு படி கறுத்துத்தான் இருக்கும். அதனால் பசை முக்கால்வாசி காய்ந்திருக்கும்போதே அந்தத் துணிச் சலிப்பு மாவை மேலே ஒரு முறை தூவிவிட்டால் மழை காணாத செம்மண் நிறம் திரும்ப வந்துவிடும்.

கரிசல் காட்டு வெடிப்பை எப்படிப் பண்ணறது? பிளேடுல கீறினா செயற்கையாத் தெரியுது.

கீற வேண்டாம், மண்ணே வெடித்துக்கொள்ளும். உடுமலை, பல்லடம் பக்கத்துக் கரிசல் மண்ணில் நனைந்தால் ஊதி, காய்ந்தால் சுருங்கும் களி இருக்கிறது. அந்த மண்ணை வறுக்காமல் வெயிலில் மட்டும் காய வைத்து, மாவாக்கி, வெறும் தண்ணீரில் தோசைமாவுப் பதத்தில் குழைத்து 4 மி.மீ. கனத்தில் பூசி வெயிலில் வையுங்கள். பொழுதுக்குள் நிஜக் காடு மாதிரியே கட்டம் கட்டமாக வெடிக்கும். வெடித்த பிறகு மேலே சொன்ன பசைத் தண்ணீரை மெதுவாக விட்டால் அப்படியே நின்றுவிடும். முன்னாலேயே பசையைக் கலந்துவிட்டால் வெடிப்பு சரியாக விழாது.

உழுத சால், டயர் தடம் ரெண்டும் நேராவே வர மாட்டேங்குது.

சாலுக்குப் பழைய சீப்பு. ஒன்பது கொழுக் கலப்பையில் கொழுவுக்குக் கொழு ஏறக்குறைய முக்கால் அடி இருக்கும், இந்த அளவில் அது 7 மி.மீ. அந்த இடைவெளி வரும்படி சீப்புப் பல்லை உடைத்துவிட்டு ஈரப் புட்டியில் இழுங்கள். காட்டு முனையில் வண்டி திரும்பும் இடத்தை மறக்க வேண்டாம். அங்கே சால் குறுக்கும் நெடுக்குமாகத்தான் கிடக்கும், நேராக முடிந்தால் அது டிராக்டர் ஓட்டின காடு இல்லை.

தடத்துக்கு உங்கள் மாடலின் சக்கரத்தையே கழற்றி, லேசாக எண்ணெய் தொட்டு, பாதி காய்ந்த புட்டியில் உருட்டுங்கள். அதற்கு முன்னால் டயர் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் டயர் மேடுகள் கூரை முகடு மாதிரி, கூர்முனை மேலே பார்த்து இருக்க வேண்டும். வண்டி முன்னால் போகும்போது அந்த முனைதான் முதலில் மண்ணில் பதியும், அதனால் தரையில் விழும் தடத்தின் கூர்முனை வண்டி வந்த திசையைக் காட்டும், போகும் திசையைக் காட்டாது. பொம்மைகளில் இது பல தடவை மாறியிருக்கிறது. டிராக்டர் ஓட்டுகிறவர்கள் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வெளிநாட்டு வண்டியெல்லாம் கேபின் போட்டுப் பூதம் மாதிரி இருக்குது. நம்ம ஊர் வண்டி மாதிரி ஆக்க முடியுமா?

பெரிய ஐரோப்பிய வண்டியை வெட்டி நம் வண்டி ஆக்க முயன்று நான் ஒன்றைக் கெடுத்திருக்கிறேன். கேபினை எடுத்தாலும் முன் சக்கரம் பெரிதாக நிற்கும், பானெட் யானைத் தலை மாதிரி இருக்கும். அதைவிடப் பழைய காலத்து வண்டிகளின் மாடலைத் தேடுங்கள். 1964ல் வந்த மாசி ஃபெர்குசன் 135க்கு யுனிவர்சல் ஹாபீஸ் 1:32லேயே மாடல் விட்டிருக்கிறது. நம் ஊரில் டாஃபே கம்பெனி செய்து ஓடும் 1035 டிராக்டருக்கு அது கிட்டத்தட்ட அண்ணன் தம்பி முறை. கேபின் இல்லை, முன் சக்கரம் சின்னது, சிவப்பு, சாம்பல் நிறமும் பொருந்தும்.

அதற்கு மேல் நம் ஊர் வேலைப்பாட்டைச் சேர்க்க வேண்டும். மட்கார்டு மேல் ஆள் உட்காரப் போட்ட தகடு, குடைக் கம்பியில் செய்த மேற்கூரை, பக்கவாட்டில் தொங்கும் தண்ணீர்க் கேன், பானெட் முன்னால் குலதெய்வத்தின் பெயர், கண்ணேறு படாமல் இருக்கக் கட்டிய கறுப்புக் கயிறு. பேனா ரீஃபிலைச் சூடு காட்டி வளைத்தால் ஹைட்ராலிக் பைப். ஐந்து கொழு, ஒன்பது கொழுக் கலப்பை எல்லாம் கடையில் கிடைக்காது. பழைய ஏடிஎம் அட்டையை வெட்டி சட்டம், குண்டூசியை வளைத்துக் கொழு. சட்டிக் கலப்பைக்குச் சட்டை பட்டனே போதும், குழிவாக இருப்பதைப் பார்த்து எடுங்கள்.

புது வண்டியை அழுக்காக்க மனசே வரலீங்க. கட்டாயம் பண்ணணுமா?

மனசு வராவிட்டால் ஆயுத பூஜைக் காட்சி செய்யுங்கள். அன்றைக்குத்தான் வண்டி பளபளவென்று நிற்கும். சந்தனம், குங்குமம், முன்னால் ரெண்டு வாழைக்கன்று, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம். நிஜப் பழம் 4 செ.மீ., இங்கே ஒரு கடுகை விடவும் சின்னது, கேழ்வரகுக்கு மஞ்சள் பூசி வைத்துவிடலாம்.

மற்ற நாளில் வண்டி அழுக்காகத்தான் இருக்கும், ஆனால் அழுக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. பழுப்பு ஸ்ப்ரேயை மொத்தமாக அடித்துவிட்டு அழுக்கு என்று சொல்கிறவர்கள் வண்டியைப் பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை. மட்கார்டின் உள்பக்கம், முன் அச்சு, கால் வைக்கும் தகடு, இங்கேதான் மண் அப்பும். கிளட்ச், பிரேக் மிதிகளின் நடுவில் செருப்புத் தேய்த்துத் தேய்த்து இரும்பு வெளுத்திருக்கும், பென்சில் கரியைத் தேய்த்தால் அந்த மினுமினுப்பு வரும். டீசல் டேங்க் மூடிக்குக் கீழே வழிந்த கறையில் தூசி ஒட்டி இருட்டாக இருக்கும். பானெட்டின் மேல்பக்கம் வெயிலில் வெளிறியிருக்கும், பக்கவாட்டில் நிறம் அப்படியே இருக்கும். சீட்டு மேல் மடித்துப் போட்ட ஒரு சாக்கு. நம் தோட்டத்து வண்டிக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு வந்து, அதைப் பார்த்துத்தான் நான் தூரிகையை எடுப்பேன்.

தென்னை மரம் செஞ்சா ஈச்ச மரமாட்டத் தெரியுது.

மட்டை குட்டையாக இருக்கிறது, அதுதான் காரணம். தென்னை மட்டை 16, 17 அடி இருக்கும், இங்கே அது 16 செ.மீ. எல்லாரும் 6, 7 செ.மீ. வெட்டுகிறார்கள். 40 அடி மரம் 38 செ.மீ. உயரம், தண்டு ஒரு விரல் கனம். தண்டுக்குக் கட்டுக்கம்பியை முறுக்கி, மேலே காகித டேப்பை மெல்லிய பட்டையாகச் சுற்றுங்கள், விளிம்பு படியப் படிய மட்டை விழுந்த வளையம் தானாக வரும். மரம் லேசாக வளைந்திருக்கட்டும். நிஜக் கொண்டையில் முப்பதுக்கு மேல் மட்டை இருந்தாலும் மாடலுக்கு இருபது போதும்: மேலே நாலு நிமிர்ந்து, நடுவில் பரந்து, கீழே ரெண்டு காய்ந்து தொங்கி. இளநீருக்குக் காய்ந்த பட்டாணி அளவு சரியாக இருக்கும், ஆனால் வண்டு வைத்துவிடும், எம்-சீல் (பிசைந்தால் இறுகும் ஒட்டு மாவு) உருட்டிப் பச்சை அடியுங்கள்.

பொள்ளாச்சித் தோப்பு என்றால் இன்னும் ரெண்டு விஷயம். காண்டாமிருக வண்டு கடித்த மட்டை கத்தரியில் வெட்டினதுபோல் முக்கோணமாகத் தெரியும், ஒன்றிரண்டு மட்டையில் அப்படி வெட்டுங்கள். 2016ல் அந்தப் பக்கம் சுருள் வெள்ளை ஈ வந்ததிலிருந்து கீழ் மட்டைகளின் மேல்புறத்தில் கரும்பூசணம் படர்ந்து கிடக்கிறது. பச்சையை மட்டும் அடித்துவிட்டால் அது இன்றைய தோப்பு ஆகாது. மரத்துக்கு மரம் 25 அடி, அதாவது 24 செ.மீ. என் அளவுப் பலகையில் வரிசைக்கு மூன்றாக ஆறு மரம் வைத்தால் தாராளம்.

மஞ்சக்காடு பண்ணணும். எத்தனை செடி வேணும்?

பாருக்குப் பார் ஒன்றரை அடி, செடிக்குச் செடி அரை அடி. இங்கே 1.4 செ.மீ., 5 மி.மீ. 30 செ.மீ.க்கு 20 செ.மீ. பாத்திக்கே 14 பார், பாருக்கு 60 செடி, மொத்தம் 840. ஒவ்வொன்றுக்கும் காகிதத்தில் நாலு இலை வெட்டி, 3 செ.மீ. உயரத்தில் கம்பியில் சுற்ற வேண்டும். செய்திருக்கிறேன், ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. செய்து முடித்தபோது அவ்வளவு சந்தோஷம்.

பொறுமை இல்லாதவர்கள் அறுவடை மாதத்தை எடுக்கலாம். இலை அறுத்துப் போட்டாயிற்று, பத்துப் பாரைக் கொத்தி எடுத்தாயிற்று, மீதி நாலு பார்தான் நிற்கிறது என்று வைத்தால் இருநூற்று நாற்பது செடியில் முடிந்துவிடும். கிழங்குக் குவியலுக்கு நிஜ விரலி மஞ்சளை உடைத்துப் போடாதீர்கள், அளவு ஒத்துவராது. சீரகத்தைப் புட்டித் தண்ணீரில் புரட்டி மண் நிறம் அடித்தால் சரியாக இருக்கும். வேக வைக்காத மஞ்சள் மண்ணோடு பழுப்பாகத்தான் இருக்கும், பளிச்சென்ற மஞ்சளை உடைந்த முனையில் மட்டும் தொடுங்கள். வரப்போரத்தில் நாலு ஆமணக்குச் செடி.

கிளுவை வேலிக்கு என்ன போடறது?

காய்ந்த துளசிக் குச்சி. ஐந்தடி வேலி 5 செ.மீ., குச்சிக்குக் குச்சி ஒரு செ.மீ.க்குள். கோடை மாதக் காட்சி என்றால் இலையே வேண்டாம், மழைக்கு அப்புறம் என்றால் தென்னை நார்க்கழிவுத் தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றித் தூவுங்கள். நடுவில் ஒரு படல் (குச்சிக் கதவு) வைத்து, அதைத் திறந்துகிடக்க விடாதீர்கள், மாடு போய்விடும்.

மாடு பொம்மை எல்லாம் கறுப்பு வெள்ளையா இருக்குதே, காங்கேயம் மாடு எங்க கிடைக்கும்?

எனக்குக் கிடைத்ததில்லை, நானே மாற்றிக்கொள்கிறேன். கறுப்பு வெள்ளை மாடு தப்பு என்று சொல்லவில்லை, சொசைட்டிக்குப் பால் ஊற்றும் வீடுகளில் அதுதானே நிற்கிறது. காங்கேயம் வேண்டுமென்றால் ஒரு பொம்மை மாட்டின் மடியைச் சீவிச் சிறிதாக்கி, எம்-சீலில் திமில் வைத்து, கம்பியில் கொம்பை மேல்நோக்கி வளைத்து வையுங்கள். காளைக்குச் சாம்பல் உடம்பு, திமிலும் கழுத்தும் முன்கால், பின்கால் சப்பைகளும் கறுத்து வரும். பூட்டுகிற எருது அதைவிட வெளுப்பு. கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து ஆறு மாதத்துக்குள் சாம்பலுக்கு மாறும், அதனால் வெள்ளைப் பசுவுக்குப் பக்கத்தில் சிவப்புக் கன்றைக் கட்டினால்தான் சரி.

கெணறு வெக்கணும், ஆனா பலகை கனம் ஒரு அங்குலந்தானே?

நம் பக்கத்துக் கிணறு பாறையை வெட்டி இறக்கின பெரிய சதுரக் கிணறு. 60 அடி ஆழம் 57 செ.மீ. ஆகிவிடும். அவ்வளவு இறக்க வேண்டியதில்லை. பலகையை வெட்டி அடியில் 10 செ.மீ. பெட்டி ஒன்று தொங்கவிட்டு, நல்ல மழை பெய்த வருடம் என்று தண்ணீரை மேலேயே நிறுத்திவிடுங்கள். தெர்மாகோலில் செதுக்கிய பாறைச் சுவர் கீழே போகப் போகக் கரும்பச்சையாக இருட்டிக்கொண்டு வரட்டும். அடித்தளம் கறுப்பு.

தண்ணீருக்கு எப்பாக்ஸி ரெசின். ஒரே தடவையில் கனமாக ஊற்றினால் சூடேறித் தெர்மாகோலை வளைத்துவிடும், 3 மி.மீ. கனமாக ஊற்றி ஒரு நாள் விட்டு அடுத்ததை ஊற்றுங்கள். அதைவிட முக்கியம், பெட்டியின் மூலையெல்லாம் ஃபெவிகால் பூசி அடைத்து, முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா பார்த்து, நன்றாகக் காயவிட்டு அப்புறம் ரெசின் ஊற்றுவது. குண்டூசித் துளை இருந்தால் போதும், என் ரெண்டாவது கிணறு ராத்திரி முழுக்க ஒழுகிக் காலையில் மேசையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வாய்க்காலுக்கும் இதே முறைதான், ஆனால் புதுத் தண்ணீர் திறந்துவிட்ட வாய்க்கால் கலங்கி டீ நிறத்தில் ஓடும், கண்ணாடி மாதிரித் தெளிவாக ஊற்றிவிடாதீர்கள்.

ஒரு வருசத்துல பூசணம் புடிச்சு, நிறமும் போயிருச்சுங்க.

பூசணம் பெரும்பாலும் வறுக்காத மண்ணிலும் பச்சையாக ஒட்டிய இலை தழையிலும் வரும். வறுப்பது பற்றி மேலே சொல்லியிருக்கிறேன். கரிசல் பலகைக்கு அது முடியாது என்பதால், மூடி போடுவதற்கு முன்னால் ஒரு வாரம் வெயிலில் காய விடுங்கள். அந்துருண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம், தெர்மாகோலையும் சில பிளாஸ்டிக்கையும் அதன் ஆவி இளக்கிவிடும்.

நிறம் போவது ஜன்னல் வெயிலால். நேர் வெயில் படாத சுவரோரம் வைத்து, அக்ரிலிக் மூடி போட்டு, எல்இடி விளக்கு மட்டும் வையுங்கள்.

போட்டோ எடுத்தா பொம்மைன்னு தெரிஞ்சுருதே?

மேலே நின்று எடுக்கிறீர்கள். அந்தத் தோட்டத்தில் நிற்கும் ஆளின் கண் தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது, கேமராவும் அங்கே இருக்க வேண்டும். செல்போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரைக்கு வந்துவிடும். பலகையை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், சாயங்காலம் நாலரை மணி வெயிலில், நிஜ வானம் பின்னால் தெரியும்படி எடுங்கள். ரொம்பப் பக்கத்தில் போகாமல் ஒரு அடி தள்ளி, கொஞ்சம் ஜூம் செய்யுங்கள், முன்னாலிருப்பதும் பின்னாலிருப்பதும் ஓரளவு சேர்ந்து தெளிவாக விழும். செல்போனின் சின்ன சென்சார் இதற்குப் பெரிய கேமராவை விட வசதி.

எங்க தோட்டத்தை வித்துட்டோமுங்க. இப்ப சைட் போட்டுட்டாங்க. அதை அப்படியே பண்ண முடியுமுங்களா?

இந்தக் கேள்வி வருடத்துக்கு ரெண்டு மூன்று பேரிடமிருந்து வருகிறது. முடியும். சர்வே எண் தெரிந்தால் அரசின் நில ஆவண இணையதளத்தில் புல வரைபடம் எடுக்கலாம், எல்லையின் வடிவமும் நீளமும் அதில் கிடைக்கும். கணினியில் கூகுள் எர்த் போட்டுப் பழைய வருடங்களின் படத்துக்குப் போனால் கிணறு, களம், சாளையின் கூரை, மாடு அடைக்கும் தொண்டுப்பட்டி எல்லாம் இருந்த இடம் தெரியும். வீட்டில் இருக்கும் கல்யாணப் போட்டோ, பொங்கல் போட்டோ எதையும் விடாதீர்கள், ஆட்களுக்குப் பின்னால்தான் தோட்டம் இருக்கும். முன்னால் சொன்ன மாதிரி ஒரு மூலையை மட்டும் எடுங்கள், அது எந்த மூலை என்பதை வீட்டில் அந்தத் தோட்டத்தில் அதிகம் வேலை செய்தவர் சொல்லட்டும். பெரும்பாலும் அது அம்மாவாகவோ அப்பத்தாவாகவோ இருக்கும்.

தாராபுரம் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்கு இப்படி ஒரு கட்டுத்தரை செய்து கொடுத்தேன். வரைபடம், போட்டோ எல்லாம் பார்த்துத்தான் செய்தது. அந்த வீட்டு அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தண்ணித் தொட்டி வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் இருந்துதுங்க சாமி, நெழல் தொட்டி மேல உளுகும்" என்றார். ஃபெவிகாலில் ஒட்டியிருந்ததால் ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம் ஊறவிட்டு, அவர் பக்கத்தில் இருக்கும்போதே பெயர்த்து மாற்றி வைக்க முடிந்தது. ஆகவே இந்த மாதிரி வேலையில், வீட்டுப் பெரியவர்கள் வந்து பார்க்கும் வரைக்கும் எதையும் அரால்டைட் மாதிரிப் பெயர்க்க முடியாத பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள்.